நிக்கல் பூசிய பிஸ்டலில் ரெட் டாட்: துளை போடுவதா, கவ்வ வைப்பதா?

திருவான்மியூரிலிருந்து மாமா வந்திருந்தார். பழைய பூத்துவாலையில் சுற்றிய பொட்டலத்தை மேசை மேல் வைத்துப் பிரித்தார். உள்ளே நிக்கல் பளபளப்போடு அவருடைய ஏர் பிஸ்டல். சின்ன கேஸ் சிலிண்டர் போட்டு 4.5 மி.மீ. குண்டு சுடுகிற ரகம்.

"டேய், இதுல ஒரு ரெட் டாட் மாட்டணும். உன் ஷாப்ல ரெண்டு ஓட்டை போட்டு மரை எடுத்துக் குடு, போதும்."

ரெட் டாட் என்பது சின்னக் கண்ணாடி ஜன்னலில் சிவப்பு ஒளிப்புள்ளியைக் காட்டும் குறிபார்க்கும் கருவி. அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இரண்டு துளை போட்டு மரை எடுப்பது எனக்குக் கால் மணி நேர வேலை. ஆனால் முலாம் பூசிய ஃபிரேமில் (பிஸ்டலின் உடற்பகுதியில்), அதுவும் கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி வைத்திருக்கப் போகிற பிஸ்டலில், அந்தக் கால் மணி நேரத்தைத் திரும்பப் பெறவே முடியாது. "மாமா, ஒரு வாரம் டைம் குடுங்க" என்று பொட்டலத்தை வாங்கி வைத்தேன். அந்த வாரத்தில் யோசித்ததையும் அளந்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு டிரில்லைக் கையில் எடுத்திருப்பவர் ஒருவராவது படித்துவிட்டுக் கீழே வைத்தால் நல்லது.

முதலில் ரெட் டாட் எதற்கு என்று கேட்க வேண்டும். மாமாவுக்கு வயது அறுபத்து மூன்று. இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் ஆகி, தூரப் பார்வைக்கான லென்ஸ் வைத்திருக்கிறார்கள். பத்து மீட்டரில் இருக்கும் இலக்கு அட்டை அவருக்குப் பளிச்சென்று தெரிகிறது. நீட்டிய கையின் நுனியில், குறி பார்க்கக் குழல் முனையில் நிற்கும் முன் சைட்தான் பஞ்சு போலத் தெரிகிறது. திறந்த சைட்டில் பின் சைட், முன் சைட், அட்டை என்று மூன்று வேறு தூரங்கள். இளம் கண் அவற்றுக்கிடையே சட்சட்டென்று மாறிக்கொள்ளும். நாற்பத்தைந்தைத் தாண்டிய கண்ணுக்கு அது கஷ்டம், செயற்கை லென்ஸுக்கு அந்த வேலையே தெரியாது. ரெட் டாட்டில் புள்ளியின் ஒளிக்கதிர்கள் இணையாக வெளியே வருவதால், புள்ளி தூரத்தில் இருப்பது போலவே கண்ணுக்குப் படும். அட்டையைப் பார்த்தால் போதும், புள்ளியும் தெளிவாகத் தெரியும். மாமாவின் ஆசையில் நியாயம் இருக்கிறது.

ஆனால் போட்டிக்குப் போகிறவர் இங்கேயே நின்றுவிட வேண்டும். சர்வதேச விதிப்படி பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் திறந்த சைட் மட்டும்தான். டெலஸ்கோப், பிரதிபலிக்கும் கண்ணாடி, லேசர், ஒளிப்புள்ளி எதுவும் கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியதும் திறந்த சைட்டில்தான். பிஸ்டலில் லென்ஸ் மாட்டக் கூடாதே தவிர, சுடுகிறவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். எந்த இரும்பு வேலைக்கும் முன்னால் பார்க்க வேண்டிய வழி அதுதான். தூரப் பார்வைக்கான பவரோடு +0.50 அல்லது +0.75 கூட்டிப் போட்டால், கண் தெளிவாகப் பார்க்கும் தூரம் இரண்டு மீட்டருக்கோ சுமார் 1.3 மீட்டருக்கோ இறங்கி வரும். முன் சைட்டின் விளிம்பு கூர்மையாகும், அட்டை கொஞ்சம் மங்கும். பிஸ்டலுக்கு அந்த மங்கல் தொல்லையில்லை. கண்ணாடி முன்னால் ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தில் சின்னத் துவாரம் வைத்த ஐரிஸ் மாட்டினால் இரண்டுமே தெளியும். கண்ணாடிக் கடையில் சோதனை ஃபிரேம் போட்டுக்கொண்டு, கையை நீட்டிக் கட்டை விரல் நகத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். மயிலாப்பூரில் ஒரு கடையில் மாமாவை அப்படி உட்கார வைத்தேன். +0.50 போட்டதும், "நகத்துல இருக்கிற வெள்ளைப் புள்ளிகூடத் தெரியுதுடா" என்றார். கிளப் போட்டிக்கு அந்தக் கண்ணாடியே போதும் என்று அன்றைக்கே முடிவானது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு இரண்டு கையால் பிடித்து ஜாலியாகச் சுடுவதற்கு ரெட் டாட் வேண்டும் என்பதில் அவர் இறங்கி வரவில்லை. சரி, மாட்டத்தான் போகிறோம். எப்படி மாட்டுவது?

இதற்கு விடை சொல்ல, பளபளப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்த ரக ஏர் பிஸ்டல்களில் ஃபிரேம் பெரும்பாலும் ஸ்டீல் கிடையாது. துத்தநாகக் கலவையை உருக்கி டை காஸ்டிங்கில் வார்த்தது. கையில் எடுத்தால் கனம் ஸ்டீல் போலவே இருக்கும், அதனால்தான் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். காந்தம் வைத்தால் ஸ்டீலில் போல இறுக்கமாக ஒட்டாது. நிக்கல் தொட்டியில் இருப்பது அமிலக் கரைசல். துத்தநாகத்தை நேராக அதில் இறக்கினால் அரித்துவிடும். அதனால் முதலில் சயனைடு காப்பர் தொட்டியில் மெல்லியதாக ஒரு செம்பு, அதன் மேல்தான் நிக்கல். எல்லாம் சேர்ந்தும் தலைமுடியின் கனத்தில் பாதிகூட வராது.

நம் ஊரில் பிளேட்டிங் என்றாலே துருப் பிடிக்காது என்ற நம்பிக்கை. எல்லாப் பிளேட்டிங்கும் ஒரே மாதிரி காப்பாற்றாது. ஜி.ஐ. தகட்டில் இரும்பின் மேல் துத்தநாகம் இருக்கிறது. கீறல் விழுந்தால் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். நிக்கலின் குணம் தலைகீழ். அது இரும்பையும் துத்தநாகத்தையும் விட அரிப்பைத் தாங்கும் உலோகம். முழுசாக மூடியிருக்கும் வரை நல்ல கவசம். ஓர் ஊசி முனை அளவு திறந்தாலும், உப்பு ஈரம் பட்டவுடன் அந்தத் துவாரமும் சுற்றியிருக்கும் நிக்கலும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். கரைவது அடியில் இருக்கும் உலோகம்தான். பரந்த நிக்கல் பரப்பின் வேகம் முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் வந்து இறங்குவதால் அரிப்பு ஆழமாகப் போகும். திருவான்மியூரில், பெசன்ட் நகரில் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டும் ஜன்னல் கிரில்லும் என்ன கதியாகின்றன என்று பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

இது எனக்கு நேர்ந்ததை வைத்துச் சொல்வது. எட்டு வருடம் முன்னால் என் சொந்த பிஸ்டலில் நானே துளை போட்டேன். எம்4 மரை, 3.3 மி.மீ. டிரில், நேர்த்தியான வேலை. துளையின் வாயில் வார்னிஷ் தடவினேன், ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசை போட்டேன். இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவது டிசம்பரில் ஸ்க்ரூ தலையைச் சுற்றி வெள்ளையாக மாவு போலப் பூத்திருந்தது. துடைத்தேன், பத்து நாளில் மறுபடி வந்தது. சைட்டைத் தாங்கும் மவுன்ட்டைக் கழற்றிப் பார்த்தால், துளையிலிருந்து சுண்டு விரல் நகம் அகலத்துக்கு நிக்கல் கொப்புளித்து நிற்கிறது. நகத்தால் லேசாகத் தொட்டதும் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. உரிந்த துண்டின் அடிப்பக்கம் செம்பு நிறம், அதற்குக் கீழே ஃபிரேமில் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான பள்ளம். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றும்போது மரையும் கூடவே தூளாக வந்தது.

அதைச் சரி செய்யலாம் என்று ஒரு பிளேட்டிங் கடையில் கொடுத்தேன். ஸ்டீல் என்று நினைத்து நிக்கல் உரிக்கும் அமிலத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். அடியில் இருந்த துத்தநாகம் கரைந்து, முகம் முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்து திரும்பி வந்தது. சொல்லிக் கொடுக்காதது என் தவறும்தான். அந்த ஃபிரேம் இன்னும் என் டிராயரில் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் எடுத்துக் காட்டுவேன்.

அதனால் துத்தநாக வார்ப்பில், ஏற்கெனவே பூசிய முலாமைத் துளைப்பதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். மரை பிடிப்பிலும் அது பலவீனம். ஸ்டீலில் ஸ்க்ரூவின் விட்டம் அளவு ஆழம் பிடித்தால் போதும். துத்தநாகத்தில் இரண்டு மடங்காவது வேண்டும். ஃபிரேமின் மேல்பக்கச் சுவரில் அவ்வளவு சதை இருக்காது.

ஸ்டீல் ஃபிரேமாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கேயும் முறை ஒன்றுதான்: பிளேட்டிங்குக்கு முன்னால் துளை. பழைய முலாமை உரித்து, துளை போட்டு, மரை எடுத்து, பிறகு பூச வேண்டும். மின்சாரம் பாய்ச்சிப் பூசும் சாதாரண நிக்கலைவிட, வேதிவினையால் படியும் எலக்ட்ரோலெஸ் நிக்கல் இதற்கு மிகப் பொருத்தம். மின்முறையில் வெளி மூலைகளில் தடிப்பாகவும் குழிகளில் மெலிதாகவும் ஏறும். எலக்ட்ரோலெஸ் முறையில் துளைக்குள்ளும் ஒரே சீராகப் படியும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மரையின் மேல் பூச்சு ஏறும்போது அளவு கூடுவது பூச்சின் கனம் அளவுக்கு அல்ல, 60 டிகிரி மரையில் நாலு மடங்கு. 25 மைக்ரான் பூசினால் மரை 0.1 மி.மீ. இறுகிவிடும். பூசிய பிறகு மரை வெட்டும் டேப்பை விட்டால் துளைக்குள் போட்ட முலாமை நாமே வழித்தெடுத்ததாகும். முதலிலேயே கொஞ்சம் பெரிய டேப் போட்டு வைக்க வேண்டும். கடினப்படுத்திய ஸ்டீல் என்றால் பூசி முடித்த கையோடு சுமார் 200 டிகிரியில் சில மணி நேரம் ஓவனில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே புகுந்த ஹைட்ரஜன் உலோகத்தை நொறுங்க வைத்துவிடும். ஹார்டு குரோம் பூசியதைத் துளைப்பதாக இருந்தால் சாதாரண ஹெச்.எஸ்.எஸ். டிரில் மேல் தோலிலேயே மழுங்கிவிடும். கார்பைடு வேண்டும், ஓரம் சிதறாமல் பார்க்கவும் வேண்டும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 4.5 மி.மீ. துவாரத்துக்கும் 20 ஜூல் சக்திக்கும் மிகாத காற்று ஆயுதங்கள் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வளையத்துக்கு வெளியே இருக்கின்றன. மாமாவுடையது அரை கிராம் குண்டை நொடிக்கு 120 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் நாலு ஜூல்கூட வராது. ஆனால் லைசென்ஸ் உள்ள நிஜத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போகக் கூடாது. 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி அதை மாற்றவோ பழுது பார்க்கவோ அதற்கென்று உரிமம் உள்ளவருக்கு மட்டுமே அனுமதி. என்னிடம் அப்படிக் கேட்டு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஒட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எபாக்சி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பிடிப்பது முலாமின் தோலை. அந்தத் தோல் அடி உலோகத்தை எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான் பலம். பின்னால் பெயர்த்தால் நிக்கலும் சேர்ந்து வரும். இது வழியே இல்லை.

மீதி இருப்பவை இரண்டும் துளை இல்லாத வழிகள். ஒன்று, பின் சைட்டை அதன் காடியிலிருந்து பக்கவாட்டில் தட்டி எடுத்துவிட்டு, அதே காடியில் ரெட் டாட் உட்காரும் சின்னத் தகட்டைச் செருகுவது. புள்ளி தாழ்வாக இருக்கும், கனம் கூடாது, பார்க்கவும் அழகு. கேஸ் பிஸ்டலில் பல மாடல்களில் மேல்பகுதி பின்னால் பாயாது, அதனால் சைட்டுக்கு அதிர்ச்சியும் இல்லை. ஸ்டீல் பிஸ்டல் என்றால் நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். துத்தநாக வார்ப்பில் எனக்குத் தயக்கம். பித்தளைப் பஞ்ச் வைத்துத் தட்டினாலும் காடியின் ஓரத்தில் முலாம் சிராய்க்கும். பூச்சு மிகவும் மெலிந்திருக்கும் இடம் அந்த உள்மூலைதான். திறந்த சைட்டும் போய்விடும். போட்டிக்கு ஒரு வேலை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை என்று மாமா வாராவாரம் தட்டி மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று, குழலுக்கு அடியில் ஃபிரேமோடு சேர்த்து வார்த்திருக்கும் ரெயிலை (துணைக்கருவி மாட்டுகிற, குறுக்கே பள்ளம் உள்ள நீள விளிம்பை) கவ்விக்கொண்டு, பக்கவாட்டில் ஏறி, மேலே வளைந்து பாலம் போல நிற்கும் அலுமினிய மவுன்ட். பிஸ்டலில் எதையும் வெட்ட வேண்டாம், கழற்றினால் சுவடே இருக்காது. இதற்கும் குறைகள் உண்டு. முன்பக்கம் கனம் கூடும், ஒரு கையால் பிடித்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு சொல்லிவிடும். புள்ளி குழலுக்கு மேலே 4 செ.மீ. உயரத்தில் நிற்கும். பத்து மீட்டருக்கு ஜீரோ செய்து, அதாவது குண்டு புள்ளியிலேயே விழும்படி சரி செய்து வைத்தால் ஐந்து மீட்டரில் குண்டு ஒரு செ.மீ. கீழே விழும். ஒரே தூரத்தில் சுடுகிறவருக்கு இது பொருட்டே இல்லை. மாமாவுக்கு நான் சொன்னது இந்தப் பாலத்தைத்தான்.

கவ்வும் மவுன்ட்டிலும் முலாமைக் கவனிக்காவிட்டால் கதை மாறிவிடும். வழுவழுப்பான நிக்கல் மேல் அலுமினியம் நகரும். நகராமல் இருக்கட்டும் என்று முறுக்கினால் ரெயிலின் முனையில் முலாம் வெடிக்கும். நடுவில் ரப்பர் வைக்கிறார்கள், அது அமுங்கி அமுங்கி ஜீரோ தினம் ஒரு பக்கம் போகும். நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் கேப்டான் டேப்பை வைத்தேன். தேன் நிறத்தில் இருக்கும், மெலிசு, அமுங்காது, உலோகமும் உலோகமும் தொடாது. முதலில் மவுன்ட்டின் உள்விளிம்புகளை இரண்டாயிரம் நம்பர் எமரி பேப்பரால் தடவி, விரல் ஓட்டினால் எங்கும் சிக்காத மாதிரி ஆக்கினேன். ரெயிலை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, டேப்பை சுருக்கமில்லாமல் ஒட்டி, மவுன்ட்டின் குறுக்குக் கட்டையை ரெயில் பள்ளத்தின் முன் சுவரில் சாய்த்து வைத்து, இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றி ஒன்றரை நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினேன். நீல லாக்டைட் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், கழற்றும்போது சூடு காட்ட வேண்டி வரும்.

எந்த ரெட் டாட் என்பதில் மக்கள் விலையைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது இரண்டை. ஒன்று புள்ளியின் அளவு. புள்ளியை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் சொல்வார்கள், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு எம்.ஓ.ஏ. என்பது பத்து மீட்டரில் கிட்டத்தட்ட 3 மி.மீ. பத்து மீட்டர் பிஸ்டல் அட்டையில் பத்தாம் வளையம் 11.5 மி.மீ. தான். ஆறு எம்.ஓ.ஏ. புள்ளி அதை முழுசாக விழுங்கிவிடும். மூன்று எம்.ஓ.ஏ. என்றால் புள்ளியைச் சுற்றி வளையம் மெல்லிய ஓரமாகத் தெரியும். கண்ணில் சிலிண்டர் பவர் (ஆஸ்டிக்மாட்டிசம்) இருப்பவருக்குப் புள்ளி வால் முளைத்த மாதிரி தெரியும். வாங்கும் முன் சொந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறியும் நகர்வது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கிருந்து பார்த்தாலும் புள்ளி இருக்கும் இடத்தில்தான் குண்டு விழும் என்று விளம்பரம் சொல்லும். தொலைதூரத்துக்குச் சரி செய்த சைட்டில், கண் நடுவிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறதோ, அட்டையில் குறியும் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் விலகும். ஐம்பது மீட்டரில் இந்த விலகலைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. பத்து மீட்டரில், 20 மி.மீ. ஜன்னலின் ஓரத்தில் புள்ளியை வைத்துச் சுட்டால் 10 மி.மீ. போய்விடும், அதாவது பத்தாம் வளையத்துக்கு வெளியே. சோதிப்பது சுலபம். பிஸ்டலில் கேஸும் குண்டும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, மணல் பை மேல் அசையாமல் வைத்து, தலையை மட்டும் ஆட்டிப் பாருங்கள். அட்டை மேல் புள்ளி ஊர்வது தெரியும். புள்ளியை ஜன்னலின் நடுவில் வைத்துச் சுடும் பழக்கம் வந்துவிட்டால் மலிவு சைட்டும் நன்றாகவே வேலை செய்யும்.

ஜீரோ செய்கிற நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலிண்டரில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரியைத் தாண்டினால் திரவமாகவே நிற்காது, அழுத்தம் சரசரவென்று ஏறும். சென்னையில் மே மாத மதியம் ஜீரோ செய்தது ஜனவரிக் காலையில் கீழே அடிக்கும். சைட்டின் மேல் பழி போடாதீர்கள்.

மாமா மூன்று எம்.ஓ.ஏ. சைட்டைப் பாலத்தில் மாட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் ஓர் அட்டைப் படம் வந்தது. ஐந்து குண்டு, எட்டணா நாணயத்தால் மூடிவிடலாம். "துளை போடாம இருந்ததே நல்லது, போட்டிக்குக் கழட்டிட்டேன்" என்று கீழே எழுதியிருந்தார்.

மாதம் ஒரு தடவை மவுன்ட்டைக் கழற்றித் துடைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். முதல் தடவை நானே போய்க் கழற்றினேன். கேப்டான் டேப்பின் ஓரத்தை ஒட்டி, பென்சிலால் கோடு கிழித்த மாதிரி வெள்ளையாக உப்பு படிந்திருந்தது, ஒரே மாதத்துக்குள். ஈரத் துணியால் ஒரு இழுப்பு, காய்ந்த துணியால் ஒரு இழுப்பு, துளி எண்ணெய். பூதக் கண்ணாடி வைத்து ரெயில் முழுக்கப் பார்த்தேன். நிக்கலில் ஒரு புள்ளிகூட விழவில்லை. மாமி காபி கொண்டுவந்து வைப்பதற்குள் புது டேப் ஒட்டித் திரும்ப மாட்டிவிட்டோம்.